கையிருப்பு 90 நாள்: ஒரு ஓபிடி கணக்கு

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, யுனிவர்சிட்டில இருந்து மெயில் வந்திருக்குங்க. என் பேர்ல 86 நாள் ஆயிருச்சாம். இன்னும் நாலு நாள்தானாம்." குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்தது. ரொம்பப் பயந்துபோனால்தான் அவன் அப்படிப் பேசுவான்.

அமெரிக்காவில் படிப்பை முடித்தவர் வேலையில்லாமல் இருக்கலாம் என்ற 90 நாளில் 86 போய்விட்டது என்று அர்த்தம். எனக்கும் திக்கென்றது. ஆனால் கணக்கு உதைத்தது. அவன் ஆகஸ்ட் 5ஆம் தேதியிலிருந்து ஒரு உணவு வங்கியில் வேலை செய்துகொண்டிருந்தான். அன்றே கணக்கு நின்றிருக்க வேண்டும். அப்புறம் எப்படி 86?

அவன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பையன். என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். டெக்சஸில், டல்லாஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் டேட்டா அனலிட்டிக்ஸ் முதுகலை படித்தான். 40 லட்சம் ரூபாய் கடன், வீட்டுப் பத்திரம் வங்கியில். அவனைப் போலப் பல பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 97,556 பேர் படிப்பை முடித்து ஓபிடி என்ற வேலை அனுமதியில் இருந்தவர்கள். அந்த 97,556 பேருக்கும் இப்படியொரு நாள் கணக்கு இருந்தது. இவன் கணக்கை அவன் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், தேதி தேதியாக இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பல வருடமாக இந்த ஊரில் இருப்பதால் பிள்ளைகள் முதலில் எனக்குப் போன் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தவர், படித்த துறையிலேயே 12 மாதம் வேலை செய்யலாம். அதுதான் ஓபிடி. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற ஸ்டெம் பட்டியலில் அந்தப் படிப்பு இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கும் நாள்கள் மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான். தொடர்ச்சியாக 90 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஜூனில் 30, அக்டோபரில் 20, ஜனவரியில் 15 என்று விட்டுவிட்டுப் போனாலும் எல்லாம் ஒரே உண்டியலில் விழும். நடுவில் ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தாலும் போன நாள் திரும்பி வராது.

இந்த வரம்பு 2008 ஏப்ரலில் வந்த விதி. ஸ்டெம் படித்தவர்களுக்கு 17 மாத நீட்டிப்பைக் கொடுத்த அதே அறிவிப்பில்தான் இந்த எண்ணிக்கையும் வந்தது. மக்கள் கருத்தைக் கேட்காமல் விதியைக் கொண்டுவந்தார்கள் என்று 2015இல் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 மே 10 முதல் புது விதி: நீட்டிப்பு 24 மாதம், அது கிடைத்தவர்களுக்கு வேலையில்லா நாள் இன்னும் 60 கூடி மொத்தம் 150. அந்த 60 நாளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். தம்பி மாட்டிக்கொண்டதே அதில்தான்.

மார்ச்சில் போட்ட தேதி

அவன் படிப்பு முடியும் தேதி 2024 மே 10. ஓபிடிக்கு அதற்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிந்து 60 நாள் வரைக்கும்கூட அவகாசம் உண்டு. மார்ச் மாதம் 410 டாலர் கட்டி ஆன்லைனில் போட்டான். அதற்கு முன் பல்கலைக்கழக அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. அதில் ஒரு கட்டம்: ஓபிடி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும்? மே 11க்கும் ஜூலை 9க்கும் நடுவில் எந்த நாளையும் போடலாம். சீக்கிரம் போட்டால் சீக்கிரம் வேலைக்குச் சேரலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னாராம். மே 20 என்று போட்டான்.

அப்போது அவன் கையில் வேலை எதுவும் இல்லை. நேர்காணல்கூட இல்லை.

இந்த நிகழ்வு முழுவதையும் தீர்மானித்தது அந்த ஒரு கட்டம்தான் என்பேன். வேலை அனுமதி அட்டையில் அச்சாகும் தொடக்கத் தேதியிலிருந்து நாள் ஓட ஆரம்பிக்கும். அனுமதி தாமதமானால் அனுமதித்த நாளிலிருந்து. மே 20க்குப் பதில் ஜூலை 9 போட்டிருந்தால் அவனுக்கு 50 நாள் மிஞ்சியிருக்கும். அந்த 50 நாளும் அவன் இங்கேயே தங்கி, சட்டப்படி, ஒரு நாள்கூடக் கணக்கில் விழாமல் வேலை தேடியிருக்கலாம். அவனுடைய அறைத்தோழன் அதே வகுப்பு, அதே மே 10. அவன் ஜூலை 8 போட்டான். ஆகஸ்ட் 12இல் வேலையில் சேர்ந்தபோது அவன் செலவழித்தது 35 நாள். அதே கோடையில், அதே சமையலறையில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பிய இவனுக்கு, அதே நாளில் வேலை கிடைத்திருந்தாலும் 84 போயிருக்கும்.

தள்ளிப் போடுவதில் இழப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஜூனிலேயே வேலை கிடைத்துவிட்டால் தொடக்கத் தேதி வரும்வரை சேர முடியாது. சில கம்பெனிகள் காத்திருக்க மாட்டார்கள். படிப்பு முடிந்து 14 மாதத்துக்குள் ஓபிடி முடிந்தாக வேண்டும் என்றொரு வரம்பும் உண்டு, ஆனால் ஜூலை 9 போட்டாலும் முழு 12 மாதம் அதற்குள் அடங்கிவிடும். ஆக, கையில் வேலை இருப்பவர் முன்னால் போடலாம். வேலை இல்லாதவர் முன்னால் போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அனுமதி வந்த பிறகு தேதியை மாற்றவும் முடியாது.

கல்யாணத்துக்குப் போன 22 நாள்

ஜூன் 2ஆம் தேதி அவன் ஊருக்குக் கிளம்பினான். அக்காவுக்கு வைகாசியில் முகூர்த்தம். ஒரே தம்பி, போகாமல் இருக்க முடியுமா? ஜூன் 24 காலையில்தான் டல்லாஸ் திரும்பினான். நாட்டில் இல்லாதபோது நாள் ஓடாது என்று நம்பிக்கொண்டிருந்தான். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது காரில் சாதாரணமாகச் சொன்னான்: "இப்போ 13 நாள்தாங்கக்கா போயிருக்கு." நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

மே 20 முதல் ஜூன் 1 வரை 13 என்பது சரி. ஆனால் வேலை இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும் நாளும் வேலையில்லா நாள்தான். வேலையில் இருப்பவர் முதலாளி அனுமதித்த விடுப்பில் ஊருக்குப் போனால் அது கணக்கில் வராது. இவனுக்கு முதலாளியே இல்லையே. அன்றைக்கு அவன் கணக்கு 13 இல்லை, 35.

கல்யாணத்துக்குப் போனதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அது தெரிந்து செய்த செலவாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். தெரிந்திருந்தால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னே போய், மறுவீடு முடிந்ததும் கிளம்பியிருப்பான். நாள் எப்படியும் ஓடியிருக்கும், ஆனால் பத்து நாளாவது இங்கே இருந்து வேலை தேடியிருப்பான்.

அன்று ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் எத்தனையாவது நாள். அந்த நோட்டு இன்னும் அவனிடம் இருக்கிறது. ஜூலை 31க்கு நேராக 73 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறான்.

உணவு வங்கி

73ஆவது நாளில் எங்கள் முன் இருந்த கேள்வி: சம்பளம் தரும் வேலை 17 நாளில் கிடைக்குமா? கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க எனக்குத் துணிவில்லை. முதல் 12 மாத ஓபிடியில் வேலை என்றால் சம்பள வேலை மட்டும் இல்லை. வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல், படித்த துறை சார்ந்து இருந்தால் சம்பளமில்லாத் தொண்டும் வேலைதான். தொழிலாளர் சட்டத்தை மீறாததாக இருக்க வேண்டும். லாபத்துக்கு நடக்கும் கம்பெனி ஒருவரைச் சும்மா வேலை வாங்குவது பெரும்பாலும் சட்டப்படி தப்பு. தொண்டு நிறுவனத்தில் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு மூன்று இடத்தில் பகுதி நேரமாகச் செய்து 20 மணி சேர்த்தாலும் சரிதான். சொந்தத் தொழில் உரிமம் எடுத்துச் செய்வதும் செல்லும்.

ஏற்கெனவே சனிக்கிழமைகளில் போய்ப் பெட்டி தூக்கிய உணவு வங்கியில் மேலாளரிடம் நேராகக் கேட்டான். அவர்களிடம் டப்பா உணவுகளின் காலாவதித் தேதி ஒரு எக்செல் கோப்பில், நன்கொடைக் கணக்கு இன்னொன்றில், எந்தத் தேவாலயத்துக்கு எத்தனை பெட்டி போனது என்பது காகிதத்தில் கிடந்தன. மூன்றையும் இணைத்து, எந்தப் பொருள் எந்த வாரம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டிச் சொல்கிற மாதிரி செய்து தருகிறேன் என்றான். வாரம் 24 மணி. ஆகஸ்ட் 5 திங்கள் முதல். குளிர்பதனக் கிடங்குக்குப் பக்கத்து அறை. டெக்சஸ் வெயிலில் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவான். முந்தின நாள் வரை போனது 77. கையிருப்பு 13.

சரி, அப்புறம் ஏன் ஆகஸ்ட் 14இல் அந்த மெயில்? வேலை தொடங்கியதை அவன் பதிவு செய்யவில்லை. ஓபிடி தொடங்கியதும் மாணவருக்கு அரசின் இணையதளத்தில் கணக்கு திறக்க ஒரு மின்னஞ்சல் வரும். அது ஸ்பேமில் கிடந்தது. தேடி எடுத்தபோது அந்த இணைப்பு காலாவதியாகியிருந்தது. புது இணைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தான். செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை முதலாளி பெயர் ஏறும்வரை நீங்கள் சும்மா இருப்பவர். நீங்கள் கிடங்கில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. ஆகஸ்ட் 13 வரை எண்ணி 86 என்று காட்டியது. எந்த மாற்றத்தையும் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்கும் ஒரே நாள்தான் மிச்சம்.

அன்று மதியமே உணவு வங்கியின் கடிதம் வாங்கினோம். தொடங்கிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன வேலை, அது அவன் படிப்போடு எப்படிச் சேருகிறது, மேலாளர் பெயர், கையொப்பம். 'எப்படிச் சேருகிறது' என்ற பகுதியை நாலு வரியில் அவனே எழுதிக் கொடுத்தான். மேலாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இணையதளத்துக்குக் காத்திராமல் கடிதத்தைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கே கொண்டுபோனான். மாணவர்களுக்கான அதிகாரி, டிஎஸ்ஓ என்பார்கள், ஆகஸ்ட் 5 என்ற தேதியோடு ஏற்றினார். 86 திரும்ப 77 ஆனது. அந்த அம்மாவுக்கு அது ஐந்து நிமிட வேலை.

அக்டோபர் 7 திங்கட்கிழமை ஒரு சின்ன சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் சம்பள வேலை கிடைத்தது. முந்தின நாள் வரை உணவு வங்கி என்று பதிவு செய்து, இடையில் ஒரு நாள்கூட விழாமல் சேர்ந்தான். வீட்டுக்கு முதல் முறை பணம் அனுப்பினான்.

பிப்ரவரி 14

2025 பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி ஆறு பேரை நிறுத்தியது. இவனும் ஒருவன். மறுநாள் 78ஆவது நாள். பிப்ரவரி 27 வந்தால் 90.

இங்கேதான் அந்த 60 நாள் சிக்கல். ஸ்டெம் நீட்டிப்பு கிடைத்தால்தான் கூடுதல் 60 நாள் வரும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேலை வேண்டும். எந்த வேலையும் போதாது: ஈ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிந்த முதலாளி, சம்பளம், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் அவர் கையெழுத்து. அதாவது வேலை இருப்பவருக்கு, வேலையில்லாமல் இருக்க இன்னும் 60 நாள் தருகிறார்கள். வேலை போனவருக்குப் பழைய 90தான். இந்த வரிசை எனக்கு நியாயமாகப் படவே இல்லை. அவன் ஓபிடி மே 19 வரை. நீட்டிப்புக்கு 90 நாள் முன்பிருந்து, பிப்ரவரி 18 முதல், விண்ணப்பிக்கலாம். வேலை போனது அதற்கு நான்கு நாள் முன்னால்.

இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது. அந்த வருட எச்-1பி வேலை விசாக் குலுக்கலுக்குப் பதிவு மார்ச் 7 முதல் 24 வரை. பதிவு செய்ய வேண்டியவர் முதலாளி. அவன் பெயரைப் போட ஆள் இல்லை.

அந்த வாரத்தில் ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது. காசு கட்டினால் ஆஃபர் லெட்டர் தருவோம், பதிவேட்டில் எங்கள் கம்பெனி பெயரைப் போட்டுக்கொள், வேலை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடன் தவணை மாதம் 55,000 ரூபாய்க்கு மேல், கையில் 13 நாள். ஆசை வராமல் இருக்குமா? அவன் என்னிடம் மறைக்காமல் கேட்டதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். 2020 அக்டோபரில் இல்லாத கம்பெனிகளில் வேலை செய்வதாகச் சொன்ன 15 ஓபிடி மாணவர்களை அமெரிக்கக் குடியேற்றத் துறை கைது செய்தது. அவர்களில் 11 பேர் இந்தியர்கள். 90 நாள் தாண்டினால் விசா அந்தஸ்து போகும். அது பெரிய இழப்புதான், ஆனால் வேறு வழியில் திரும்பி வர இடம் உண்டு. பொய் சொன்னதாகப் பதிவானால் இந்த நாட்டுக் கதவு ஆயுளுக்கும் மூடலாம். அவனிடம் இதைத்தான் சொன்னேன்.

நேரான வழிகளை எழுதிப் பார்த்தோம். வேறு கல்லூரியில் புதுப் படிப்புக்கு மாறலாம். இன்னொரு கடன் வேண்டும். ஊருக்குப் போய்விடலாம், அதையும் ஒரு வழியாகத்தான் எழுதினோம், தோல்வியாக இல்லை. மூன்றாவது, உணவு வங்கி. அவனே போன் செய்தான். மேலாளர் சொன்னது: "நீ செய்துகொடுத்ததை இங்கே யாருக்கும் திருத்தத் தெரியவில்லை. எப்போது வருகிறாய்?" பிப்ரவரி 24 திங்கள் சேர்ந்தான். அன்றே பதிவு, அன்றே கடிதம். போனது 9 நாள். மொத்தம் 86.

அந்த எண் நோட்டில் இரண்டு மாதம் அப்படியே நின்றது. காலையில் உணவு வங்கி, சாயங்காலம் விண்ணப்பங்கள். ஏப்ரல் நடுவில் ஒரு மருத்துவமனைக் குழுமம் கூப்பிட்டது; பில் விவரங்களை ஆராயும் வேலை. நேர்காணலில் அவர்கள் அதிகம் கேட்டது காலாவதித் தேதி கணிப்பைப் பற்றி. ஏப்ரல் 28இல் சேர்ந்தான். ஐ-983இல் மேலதிகாரி கையெழுத்து, டிஎஸ்ஓ பரிந்துரை, மே 6இல் நீட்டிப்பு விண்ணப்பம். உரிய காலத்தில் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை 180 நாள் பழைய அட்டையோடே வேலை செய்யலாம். ஆகஸ்டில் புது அட்டை வந்தது, 2027 மே 19 வரை.

அதே மே மாதத்தில், 90 நாளுக்கு மேல் முதலாளி விவரம் இல்லாமல் பதிவேட்டில் கிடந்த மாணவர்களுக்கு அரசே நேரடியாகக் கடிதம் அனுப்பத் தொடங்கியது: 15 நாளுக்குள் விவரத்தை ஏற்றாவிட்டால் பதிவு முடிக்கப்படும் என்று. எனக்கு வந்த போன்களில் இரண்டு பேர் நிஜமாகவே வேலையில் இருந்தவர்கள். பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள்.

இப்போது தம்பி கணக்கு 150இல் 86 போக 64. ஆனால் இனி சம்பளமில்லாத் தொண்டு வேலையாகச் செல்லாது. ஸ்டெம் நீட்டிப்பில் அந்த வழி அடைப்பு. வேலை போனால் கையில் இருப்பது அந்த 64தான் என்று அவனுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை விவரம் சரிபார்க்க வேண்டிய தேதிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான்.

போன வாரம் ராசிபுரத்துப் பெண் ஒருத்தி போன் செய்தாள். மே மாதம் படிப்பு முடிகிறது, வேலை இன்னும் இல்லை, அந்தக் கட்டத்தில் என்ன தேதி போடுவது என்று கேட்டாள். தம்பி நம்பரைக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினானாம்.